கையில் சீன எழுத்து குத்துவதற்கு முன்

கேள்வி இது: "என் வலது முன்கையில் சீன எழுத்தில் 'அமைதி' என்று பச்சை குத்திக்கொள்ள ஆசை. அதன் கீழே என் மகள் யாழினியின் பெயரும் வேண்டும். ஆங்கிலத்தின் ஏ முதல் இசட் வரை ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சீன எழுத்து காட்டும் அட்டவணை இணையத்தில் கிடைத்தது. அதைப் பார்த்துக் குத்திக்கொள்ளலாமா?"

அந்த அட்டவணையைத் தொடாதீர்கள். மீதியைப் படிக்க நேரம் இல்லாவிட்டாலும் இது மட்டும் மனதில் இருக்கட்டும். 'அமைதி'க்கு 'பிங்-ஆன்' என்ற இரண்டெழுத்துச் சொல்லை நான் சொல்வேன். மகள் பெயருக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது, அதைவிட எனக்குப் பிடித்த இன்னொரு வழியும் இருக்கிறது. இனி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நான் தைவானில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன். தைனான் நகரில் வாரம் இரண்டு மாலை ஒரு ஆசிரியையிடம் தூரிகை பிடித்து எழுதக் கற்றேன். ஊர் திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. அதனால் இப்படி ஒரு கேள்வி வந்தால் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வராது.

முதலில் அட்டவணை. சீனத்தில் அகரவரிசையே கிடையாது. நம் 'க' ஓர் ஒலியைக் காட்டுகிறது, அதற்குத் தனியாகப் பொருள் இல்லை. சீன எழுத்து அப்படிப்பட்டதல்ல. பெரும்பாலும் ஓர் எழுத்து ஓர் அசை, கூடவே ஒரு பொருள். 'ஏ'க்கு ஒன்று 'பி'க்கு ஒன்று என்று பிரித்துக் கொடுக்க அங்கே எதுவும் இல்லை. யாரோ கைக்கு வந்த எழுத்துகளை இருபத்தாறு கட்டங்களில் நிரப்பிவைத்த தாள் அது. அதிலுள்ளவை பல முழு எழுத்துகூட இல்லை. கோடு விடுபட்டவை, எழுத்தின் பாதித் துண்டுகள். அதைப் பார்த்து மகள் பெயரைக் குத்தினால், சீனம் படிக்கத் தெரிந்தவர் கண்ணுக்கு ஒன்றோடொன்று ஒட்டாத ஏழெட்டு அசைகள்தான் தெரியும்.

இந்தத் தாள் பல நாடுகளைச் சுற்றிவந்த தாள். 2004-இல் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த தியன் டாங் என்ற சீன இளைஞர், தவறாகக் குத்தப்பட்ட சீன, ஜப்பானிய எழுத்துகளின் படங்களைச் சேர்த்து, அவை உண்மையில் என்ன சொல்கின்றன என்று விளக்கத் தொடங்கினார். அவருக்கு வந்த படங்களில் இந்த அட்டவணை எழுத்துகள் திரும்பத் திரும்ப வந்தன. நானே ஒருமுறை சென்னை விமான நிலைய வரிசையில் என் முன்னால் நின்ற பையனின் தோளில் இதைப் பார்த்திருக்கிறேன். நான் கையில் வைத்திருந்த சீனப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது எங்க அம்மா பேரு, சரியா இருக்கா?" என்று ஆசையாகக் கேட்டான். என்ன சொல்வதென்று தெரியாமல் நின்ற அந்த அரை நிமிடம் இன்றும் எனக்கு வலிக்கிறது. இந்தப் பதில் இவ்வளவு நீளமாகப் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, அமைதிக்கு வருவோம்.

தமிழில் 'அமைதி' என்ற ஒரே சொல்லுக்குள் பல வீடுகள் இருக்கின்றன. வகுப்பில் ஆசிரியர் "அமைதி!" என்றால் பேச்சை நிறுத்து என்று பொருள். இரண்டு நாடுகளுக்கிடையே அமைதி என்றால் போர் இல்லை என்று பொருள். மனம் அமைதியாக இருக்கிறது என்றால் அது வேறு. சீனத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல். 'ஹ-பிங்' என்றால் போரில்லாத நிலை, உலக சமாதானம். 'ஆன்-ஜிங்' என்றால் சத்தமில்லாமை. 'நிங்-ஜிங்' என்றால் ஏரி நீர் அசையாமல் இருப்பது போன்ற மன அமைதி. 'பிங்-ஆன்' என்றால் ஆபத்து இல்லாமல், நலமாக, பத்திரமாக இருப்பது. உங்களுக்கு இதில் எது வேண்டும் என்பதை முதலில் நீங்கள் தமிழில் முடிவு செய்ய வேண்டும். அகராதியில் 'அமைதி' என்று தட்டி முதலில் வருவதை எடுத்தால் எந்த வீட்டுக் கதவு திறக்கும் என்று சொல்ல முடியாது.

'ஜிங்' என்ற ஒற்றை எழுத்தைப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். அழகான எழுத்து, எழுத்தோவியத்தில் எழுதிச் சுவரில் மாட்டுவார்கள். ஆனால் சீன மருத்துவமனை நடைகூடங்களில் "சத்தம் போடாதீர்கள்" என்பதற்குப் பெரிதாக எழுதி வைப்பதும் அதே ஒற்றை எழுத்துதான். 'ஹ' என்ற எழுத்து இணக்கத்தைக் குறிக்கும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில் அரங்கம் நிறைய அந்த எழுத்தைத்தான் எழுப்பிக் காட்டினார்கள். அதே எழுத்து அன்றாடப் பேச்சில் 'நானும் நீயும்' என்பதில் வரும் 'உம்' போன்ற இணைப்புச் சொல்லும்கூட. இது பிழை என்று நான் சொல்லவில்லை. ஒற்றை எழுத்து தனியாக நிற்கும்போது அதன் பொருள் நாலா பக்கமும் வழியும், இரண்டெழுத்துச் சொல் ஒரு பொருளில் நிலைத்து நிற்கும்.

'பிங்-ஆன்' நான் சொல்வதற்குக் காரணம், சீனர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக உண்மையிலேயே வேண்டிக்கொள்ளும் சொல் அது. வெளியூர் போகும் மகனுக்கு அம்மா சொல்வது அதுதான். புத்தாண்டில் வாசலில் ஒட்டும் சிவப்புத் தாளில், "போகும்போதும் வரும்போதும் பிங்-ஆன்" என்று எழுதியிருக்கும். வண்டிக் கண்ணாடியில் தொங்கும் தாயத்திலும் அது இருக்கும். புத்தாண்டு நாளில் கிண்ணம் கைதவறி உடைந்தால் உடனே யாராவது "ஸுய் ஸுய் பிங்-ஆன்" என்பார்கள். 'ஸுய்' என்றால் ஆண்டு, உடைவதற்கான சொல்லும் அதே ஒலி. உடைந்ததையே 'ஆண்டுதோறும் நலம்' என்று வாழ்த்தாகத் திருப்பிவிடுவார்கள். என் வீட்டு உரிமையாளரின் அம்மா என் தேநீர்க் கோப்பை உடைந்தபோது இதைச் சொல்லிக்கொண்டே துடைப்பம் எடுத்து வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சீனாவின் மிகப் பெரிய காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் பெயரும் பிங்-ஆன் தான். அதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் சொல் அவ்வளவு பொதுவானது என்பதால் அது உங்கள் கையைக் கெடுக்காது.

இன்னொரு வசதியும் இருக்கிறது. 'பிங்' ஐந்து கோடு, 'ஆன்' ஆறு கோடு, மொத்தம் பதினொன்று. 'ஆன்' எழுத்தில் மேலே ஒரு கூரை, கூரைக்கு அடியில் ஒரு பெண். மகளை நினைத்துக் குத்திக்கொள்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்! பெய்ஜிங்கிலும் தைபேயிலும் டோக்கியோவிலும் இந்த இரண்டு எழுத்தும் ஏறக்குறைய ஒரே வடிவம். ஜப்பானில் இதை 'ஹெய்-ஆன்' என்று படிப்பார்கள். 794-இல் இன்றைய கியோட்டோவில் அமைந்த தலைநகரத்துக்கு வைத்த பெயர் அது.

ஒரே வடிவம் என்பதை ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், எல்லா எழுத்தும் அப்படி இல்லை. சீன அரசு 1956-இல் எழுத்துகளை எளிமையாக்கும் திட்டம் கொண்டுவந்தது. சீனாவிலும், பிறகு சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அந்த எளிய வடிவம் பழகிவிட்டது. தைவானும் ஹாங்காங்கும் மக்காவும் பழைய வடிவத்தை வைத்துக்கொண்டன. ஜப்பான் தனியாக வேறு சிலவற்றைச் சுருக்கிக்கொண்டது. 'லுங்', அதாவது டிராகன், பழைய வடிவில் பதினாறு கோடு, எளிய வடிவில் ஐந்து, ஜப்பானிய வடிவில் பத்து. 'ஆய்' என்றால் அன்பு. பழைய வடிவத்தின் நடுவில் 'இதயம்' என்ற எழுத்து இருக்கும். எளிமையாக்கியபோது அந்த இதயம் போய்விட்டது. இதயம் இல்லாத அன்பா என்று தைவானில் இன்றும் ஆதங்கப்படுவார்கள். எந்த வடிவம் சரி என்பதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் ஒரே கையில் இரண்டையும் கலக்கக் கூடாது. பாதி வட்டெழுத்து, பாதி இன்றைய தமிழ் என்று ஒரு சொல்லை எழுதியது போல ஆகிவிடும்.

ஜப்பானியப் பட்டியலிலிருந்து எடுத்துச் சீனம் என்று நினைத்துக் குத்துவது இன்னொரு குழி. கை, காகிதம் என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்தால் ஜப்பானியத்தில் கடிதம், சீனத்தில் கழிவறைக் காகிதம். ஜப்பானியத்தில் 'மகள்' என்று படிக்கும் எழுத்துக்குச் சீனத்தில் 'அம்மா' என்று பொருள். உங்களுக்கு இந்த உதாரணம் முக்கியம், ஏனென்றால் மகளுக்காக என்று தேடும்போது அந்த எழுத்து கட்டாயம் எதிரே வரும். 2019 ஜனவரியில் பாடகி அரியானா கிராண்டேவுக்கு நடந்தது உலகம் முழுக்கத் தெரிந்தது. 'ஏழு மோதிரங்கள்' என்று ஜப்பானிய எழுத்தில் உள்ளங்கையில் குத்த நினைத்தார். வலி தாங்காமல் நடுவில் சில எழுத்துகளை விட்டுவிட்டார். மிஞ்சிய இரண்டு எழுத்தும் சேர்ந்து 'ஷிச்சிரின்', அதாவது கரி போட்டு இறைச்சி வாட்டும் சிறு அடுப்பு. பிறகு 'விரல்' என்ற எழுத்தைச் சேர்த்துச் சரிசெய்யப் பார்த்தார். அது உட்கார வேண்டிய இடத்தில் உட்காராததால் அதுவும் சரியாக வரவில்லை. உலகத்தில் யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுக் கேட்கக்கூடிய ஒருவருக்கே இது நடந்தது.

ஒரு சொல் அகராதியில் சரியாக இருந்தும், ஊரில் வேறொன்றாக வாழும் என்பதற்கு எத்தனையோ உதாரணம் சொல்லலாம். 'விடுதலை' வேண்டும் என்று ஆங்கிலத்தின் 'ஃப்ரீ' என்ற சொல் வழியாகத் தேடிப் போய், 'மியன்-ஃபெய்', அதாவது 'கட்டணம் இல்லை' என்று குத்திக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். 'யோங்' என்றால் வீரம், நல்ல சொல்தான். ஆனால் அதை வட்டத்துக்குள் போட்டால் சீனர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது மார்பிலும் முதுகிலும் அதே வட்டத்தோடு சட்டை போட்ட, சீனாவின் கடைசி அரச மரபான சிங் வம்சக் காலத்துச் சிப்பாய். வட்டத்துக்குள் 'ச்சாய்' என்ற எழுத்தைப் பழைய பெய்ஜிங் சந்துகளின் சுவர்களில் வெள்ளையடித்து எழுதியிருப்பார்கள். பார்க்க எழுத்தோவியம் போலவே இருக்கும். சுற்றுலாப் போனவர்கள் ஆசையாகப் படம் எடுத்து வருவார்கள். 'இந்த வீடு இடிக்கப்படும்' என்பது அதன் பொருள். உள்ளே குடியிருந்தவர்கள் அந்த எழுத்தை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இவற்றில் எல்லாம் என்னை மிகவும் யோசிக்க வைப்பது 'ஷியாவ்' என்ற எழுத்து. பெற்றோரைப் பேணுதல் என்று பொருள். மேலே முதியவர், அவரைத் தாங்குவது போலக் கீழே பிள்ளை. அம்மா அப்பா நினைவாகக் குத்திக்கொள்ள இதைப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அந்த எழுத்தையே பெயரில் கொண்ட பழைய நூலான 'ஷியாவ்-ஜிங்' தொடக்கத்திலேயே சொல்வது, உடலும் முடியும் தோலும் பெற்றோர் தந்தவை, அவற்றைச் சேதப்படுத்தாதிருப்பதே 'ஷியாவ்' என்பதன் ஆரம்பம் என்று. அந்த எழுத்தைத் தோலில் குத்தினால் எழுத்தும் செயலும் ஒன்றையொன்று மறுக்கும். இன்றைய தைவான் இளைஞர்கள் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை, பச்சை குத்திக்கொள்ளவும் செய்கிறார்கள். ஆனாலும் அறுபது வயதுப் பெரியவர் ஒருவர் உங்கள் கையில் அதைப் பார்த்தால் முகம் சுளிப்பார்.

இங்கே கொஞ்சம் நின்று வரலாற்றையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் பச்சை குத்துவது பாட்டி கையில் கோலமாக, தேளாக, பெயராக இருந்தது. சீனத்தில் தோலில் எழுத்து என்பதற்கு நீண்ட காலம் வேறு முகம். பழைய ஐந்து தண்டனைகளில் ஒன்று குற்றவாளியின் முகத்தில் மை ஏற்றுவது. சோங் வம்சக் காலத்தில் நாடு கடத்தப்பட்டவர்களின் முகத்திலும் எழுத்து குத்தினார்கள், படையை விட்டு ஓடிவிடாமல் இருக்கச் சிப்பாய்களுக்கும் குத்தினார்கள். அப்படிச் சிப்பாயாக முகத்தில் எழுத்தோடு தொடங்கிப் பெரிய தளபதியானவர் தி ச்சிங். மருந்து போட்டு அதை அழித்துக்கொள்ளலாம் என்று பேரரசரே சொன்னபோது, மற்ற சிப்பாய்களுக்கு ஊக்கமாக இது இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டார். அதற்கு அடுத்த நூற்றாண்டில் யுவே ஃபெய் (1103–1142). துரோகி என்று பழிசுமத்தி விசாரித்தபோது அவர் சட்டையைக் கிழித்து முதுகைக் காட்டினார், தோலுக்குள் ஆழமாக நான்கு பெரிய எழுத்துகள் இருந்தன என்று சோங் வம்ச வரலாறு எழுதுகிறது. 'முழு விசுவாசத்தோடு நாட்டுக்குக் கடன் தீர்ப்பேன்' என்பது பொருள். அவர் அம்மா குத்தினார் என்பது பின்னால் வளர்ந்த கதை, ஆனால் சீனக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை. கதையில் முதல் எழுத்துகூடக் கொஞ்சம் மாறிவிட்டது.

கொரியப் போரில் இன்னொரு கொடுமை நடந்தது. தென் கொரியாவின் கோஜே, ஜேஜு தீவு முகாம்களில் இருந்த சீனப் போர்க் கைதிகளின் உடலில் கம்யூனிச எதிர்ப்பு வாசகங்களைக் குத்தினார்கள். சிலர் விரும்பிக் குத்திக்கொண்டார்கள், சிலருக்குப் பிடித்துவைத்துக் குத்தினார்கள். அந்த எழுத்தோடு கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்த சீனாவுக்குத் திரும்ப முடியாது அல்லவா? 1954 ஜனவரியில் சுமார் 14,000 பேர் தைவானுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 1987-இல் சீனாவுக்குப் போய் உறவினரைப் பார்க்கத் தைவான் அரசு அனுமதித்தபோது, அவர்களில் பலர் கிழவயதில் அந்த எழுத்துகளை அழித்துக்கொள்ள மருத்துவர்களிடம் போனார்கள். தோலில் எழுதிய சொல் ஒரு மனிதனை முப்பது வருடம் வீட்டுக்குப் போகவிடாமல் நிறுத்தியிருக்கிறது. உங்கள் கையில் வரப்போவது அன்பான சொல். ஆனாலும் சீன எழுத்து என்பது வெறும் வடிவம் என்று யாராவது சொன்னால் எனக்கு இவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

நன்றாகச் செய்த உதாரணமும் ஒன்று சொல்ல வேண்டும். கால்பந்து வீரர் டேவிட் பெக்காம் 2008-இல் ஹாங்காங்கில் தன் இடது விலாவில் மேலிருந்து கீழாகக் குத்திக்கொண்டது எட்டு எழுத்துகள். பிறப்பும் இறப்பும் விதிப்படி, செல்வமும் சிறப்பும் வானத்தின் கையில் என்று பொருள். கன்பூசியஸின் உரைத்தொகுப்பில் அவர் சீடர் ட்ஸ-ஷியா சொல்லும் வாசகம், இன்றும் சீனர்கள் பழமொழி போலப் பேச்சில் எடுத்தாள்வது. அவர் ஆங்கிலத்தில் யோசித்த ஒன்றைச் சீனத்தில் மாற்றச் சொல்லவில்லை. சீனத்தில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த வாக்கியத்தை, சீனம் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கும் ஊரில், அந்த எழுத்து ஓடும் திசையிலேயே குத்திக்கொண்டார். யாரும் குறை சொல்லவில்லை.

இனி யாழினி.

வெளிநாட்டுப் பெயரைச் சீனத்தில் எழுத அந்த ஒலிக்குப் பக்கமான அசைகளைத் தேடி எடுப்பார்கள். ஒரே ஒலிக்குப் பத்து இருபது எழுத்து இருக்கும், எதை எடுப்பது என்பது எழுதுபவர் விருப்பம். 'தமிழ்' என்ற சொல்லையே பாருங்கள். சீனாவில் 'தாய்-மி-அர்' என்று எழுதுகிறார்கள், சிங்கப்பூரில் 'தான்-மி-அர்'. முதல் எழுத்தே வேறு, நடுவில் இருப்பது 'அரிசி'. பொருளுக்கும் நமக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஒலி மட்டும்தான். (கடைசி 'அர்' நாக்கை மடித்துச் சொல்வது. அந்த ஒலி தற்செயலாக நம் ழகரத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்பது எனக்கு எப்போதும் சந்தோஷம்.) 'யாழினி'யை இப்படி ஒலிக்காக மட்டும் எழுதினால் 'யா-லி-நி' என்று மூன்று எழுத்து வரும். பார்ப்பவருக்கு ஏதோ வெளிநாட்டுப் பெண் பெயர் என்று தெரியும், அவ்வளவுதான். ழகரமும் போய்விடும், யாழும் போய்விடும்.

இதைவிட நல்ல வழி, சீனப் பெயர் ஒன்றையே சூட்டுவது. சிங்கப்பூர்த் தமிழர்களைப் பார்த்தால் புரியும். 2023-இல் அதிபரான தர்மன் சண்முகரத்னம் சீன ஊடகத்தில் 'ஷாங் தா-மான்'. சண்முகரத்னத்தின் முதல் அசையிலிருந்து 'ஷாங்' வந்து, சீன வழக்கப்படி குடும்பப் பெயராக முன்னால் நிற்கிறது. அது உண்மையிலேயே சீனர்களுக்கு இருக்கும் குடும்பப் பெயர். அமைச்சர் சண்முகமும் 'ஷாங் மு-கன்' தான். ஒலியும் கொஞ்சம் ஒட்டுகிறது, சீனப் பெயர் மாதிரியும் இருக்கிறது.

உங்கள் மகளுக்கு நான் யோசித்தது 'யா-ச்சின்'. 'யா' என்றால் நயம், நேர்த்தி. 'ச்சின்' என்றால் நரம்பிசைக் கருவி, முதன்மையாக ஏழு நரம்புகள் கொண்ட பழைய சீன யாழ் வகை. கற்றவர்க்குரிய நான்கு கலைகளில் முதலில் சொல்வது அதைத்தான். அப்போது 'யா' என்ற ஒலியும் கிடைத்தது, யாழும் கிடைத்தது. இது நான் கட்டிய பெயரும் இல்லை. சீனப் பெண்களுக்கு உண்மையாக இருக்கும், சற்றுப் பழைய தலைமுறை வாசம் வீசும் பெயர். எளிய வடிவம், பழைய வடிவம் என்ற சிக்கலும் இதில் அநேகமாக இல்லை.

ஆனால் என்னைக் கேட்டால், மேலே 'பிங்-ஆன்' சீனத்தில், கீழே 'யாழினி' தமிழில். மகளுக்கு நீங்கள் வைத்த பெயர் அது. ழகரத்தோடு எழுதும்போதுதான் அது அவள் பெயர். பெயரை நாளைக்கு அவளே உங்கள் கையில் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். சீன எழுத்தைப் பற்றி நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்வாள்.

இந்தப் பதிலில் ஒரு சீன எழுத்தைக்கூட நான் போடவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். திரையில் பார்ப்பதை அப்படியே கடைக்காரரிடம் காட்டிவிடுவீர்கள். கணினித் தரமான யூனிகோடில் சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துகள் பலவற்றுக்கு ஒரே எண். எந்த நாட்டு எழுத்துரு கிடைக்கிறதோ அந்த வடிவத்தை உங்கள் ஃபோன் காட்டும். 'எலும்பு' என்ற எழுத்தின் உள்ளே இருக்கும் சின்ன மூலை, சீனாவின் எழுத்துருவில் இடப்பக்கம், ஜப்பானிய எழுத்துருவில் வலப்பக்கம். பார்ப்பவருக்கு இது தெரியாது. அது மட்டும் அல்ல, ஃபோனில் வருவது பெரும்பாலும் அச்சு எழுத்து. அதை அப்படியே குத்தினால் அரசு விண்ணப்பப் படிவத்திலிருந்து வெட்டி ஒட்டியது போலத்தான் இருக்கும்.

தூரிகையில் எழுதியதை வாங்குங்கள். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ உங்களுக்குச் சொந்தக்காரர் யாராவது இருப்பார்கள். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில் சீனர் கடைத்தெருவில் மேசை போட்டு, சிவப்புத் தாளில் வாழ்த்து எழுதித் தருபவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். 'பிங்-ஆன்' என்று கேட்டால் அவர்களுக்கு அது தினசரி எழுதும் சொல். 'காய்-ஷு' என்ற நேர் எழுத்து நடையில் கேளுங்கள், அதில் ஒவ்வொரு கோடும் தனியாகத் தெரியும். வேகமாக ஓடும் 'ட்ஸாவ்-ஷு' நடை பார்க்க அழகு, ஆனால் அதில் பயிற்சி இல்லாத சீனர்களே படிக்கத் திணறுவார்கள். குத்துபவர் அதில் ஒரு வளைவைத் தவறவிட்டால் கண்டுபிடிக்கவும் முடியாது.

சீன எழுத்தோவியத்தில் எழுத்துக்கு எலும்பும் சதையும் உண்டு என்பார்கள். கோட்டின் உள்ளுறுதி எலும்பு, மையின் பருமன் சதை. ஊசியால் எலும்பைக் கொண்டுவருவதுதான் கஷ்டம். எல்லாக் கோட்டையும் ஒரே தடிமனில் இழுத்தால் எழுத்து செத்துவிடும். குத்துபவரிடம் அந்தத் தாளைக் கொடுத்து, கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த வரிசையில் வருகிறது என்று காட்டுங்கள். பதினொரு கோடுதானே, கால் மணி நேரத்தில் அவரே பேனாவில் எழுதிப் பழகிவிடலாம். "படம் மாதிரிப் பார்த்துக் குத்திடுவேன்" என்பவரைவிட, எழுதிப் பார்க்கச் சம்மதிப்பவரிடம் போங்கள்.

அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். வருடங்கள் போகப்போக மை தோலுக்குள் கொஞ்சம் பரவும், கோடு தடிக்கும். பதினாறு கோட்டு டிராகனை ஒன்றரை சென்டிமீட்டரில் குத்தியவர்கள் கையில் பத்து வருடம் கழித்து ஒரு கரும்புள்ளிதான் இருக்கும். உங்களுக்கு ஒவ்வோர் எழுத்தும் மூன்று சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றன்கீழ் ஒன்றாக, மேலே 'பிங்', கீழே 'ஆன்'. கறுப்பு மை மட்டும் போதும். பிற்காலத்தில் லேசரில் அழிக்க நேர்ந்தாலும் கறுப்புதான் மற்ற நிறங்களைவிடச் சுலபமாகப் போகும். நம் போன்ற கருந்தோலில் லேசர் பட்ட இடம் வெளுத்துப்போகும் வாய்ப்பு உண்டு, அதனால் 1064 நானோமீட்டர் அலைநீள லேசரைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பார்கள். பல வாரம் இடைவெளி விட்டுப் பலமுறை போகவேண்டியிருக்கும். காயம் ஆறும்போது தழும்பு தடித்து எழும்பும் உடல்வாகு உங்களுக்கு இருந்தால், தோல் மருத்துவரைக் கேட்காமல் ஊசி அருகே போகாதீர்கள்.

கடைசியாக, ஸ்டென்சில், அதாவது எழுத்தின் அச்சைத் தோலில் பதிக்கும் தாள், ஒட்டும் நேரம். பெரும்பாலான பிழைகள் அங்கேதான் நுழைகின்றன. தாள் தலைகீழாகப் போகலாம், கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறலாம். 'பிங்' ஏறக்குறைய இருபக்கமும் சமமான எழுத்து, இடவலம் மாறினாலும் கண்ணில் படாது. 'ஆன்' காட்டிக்கொடுத்துவிடும், அதையே பாருங்கள். 'பிங்' எழுத்தில் செங்குத்துக் கோடு மேல் கோட்டோடு நிற்க வேண்டும். அது மேலே நீட்டி, இரண்டு புள்ளிகளும் மேலே ஏறிவிட்டால் 'பாதி' என்ற வேறு எழுத்தாகிவிடும். படம் எடுத்து எழுதித் தந்தவருக்கு அனுப்புங்கள், ஆனால் செல்ஃபி கேமராவில் எடுக்காதீர்கள், அது சில ஃபோன்களில் தானே இடவலம் மாற்றிவிடும். பின்பக்கக் கேமராவில் எடுத்து அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை டீ குடித்துக் காத்திருங்கள். அப்புறம் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையிலிருக்கும் கோடுகளை நீங்களே விரலால் எண்ணுங்கள். மேலே ஐந்து, கீழே ஆறு வந்த பிறகு ஊசியை எடுக்கச் சொல்லுங்கள்.